கலாசாலைக் கதவும் கைபேசியும்

கோடை விடுமுறை கழிந்து கலாசாலைகள் திறக்கும் நாட்களில் தாம்பரம் ரெயில் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்ல வருவது எளிதில் விளங்கும். 1931-ம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து இங்கே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியபோது தாம்பரம் ஒரு சிற்றூர். 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை நகரத்து நெரிசலை விட்டு இவ்வூர்க் காட்டுப் பகுதிக்குக் குடியேறிற்று. 2021-ல் தாம்பரம் தானே ஒரு மாநகராட்சி ஆகிவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், வண்டலூர், காட்டாங்குளத்தூர், ஒருபுறம் கேளம்பாக்கம், செம்மஞ்சேரி என்று எத்திசை நோக்கினும் இன்று கலாசாலைக் கட்டடங்கள் உயர்ந்து நிற்கின்றன. ரெயிலிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் இறங்கும் ஆயிரக்கணக்கான வாலிபர்களின் கையில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, கைபேசி தவறாமல் இருக்கிறது.

இந்த வாலிபர்களில் பலர் கலாசாலையில் சேரும் தினத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். பெற்றோரும் கூடவே கையெழுத்திடுகின்றனர். அரசியல் கூட்டங்களில் கலந்துகொள்வதில்லை, வேலைநிறுத்தம் செய்வதில்லை, நிர்வாகத்தின் நற்பெயருக்குக் கேடான எதையும் எழுதுவதில்லை, மீறினால் எந்தத் தண்டனைக்கும் உடன்படுகிறோம் என்பன போன்ற வாசகங்கள் அதில் காணப்படுகின்றன. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவோர் மிகச் சிலரே. பணம் கட்டும் சாளரத்தில் நீண்ட வரிசை நிற்கையில் வாசகத்தை ஆராய எவருக்குப் பொழுதிருக்கிறது?

சில மாதங்களுக்கு முன் நமது காரியாலயத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்புலியூரில் வாசம். அவருடைய மகன் தெற்குப் புறநகரிலுள்ள ஒரு கலாசாலையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பரீட்சைக் கட்டண உயர்வைப் பற்றிப் பேசுவதற்காகச் சாயங்காலம் மைதானத்தில் கூடலாம் என்று வகுப்புத் தோழர்களின் வாட்ஸாப் குழுவில் அவன் இரண்டு வரி எழுதினானாம். அதே குழுவில் இருந்த ஒருவன் அவ்விரண்டு வரிகளையும் படமாக எடுத்து மேலே அனுப்பிவிட்டான். கூட்டமும் நடக்கவில்லை, கோஷமும் எழவில்லை. மறுநாள் தகப்பனாருக்கு அழைப்பு வந்தது. "ஐயா, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பையன் படிப்பு கெடக் கூடாதே என்று எழுதினேன். ஆனால் என்ன குற்றத்துக்காக மன்னிப்புக் கேட்டேன் என்பது இன்னமும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வக்கீல், நீங்களாவது சொல்லுங்கள்" என்றார் அவர். சட்டம் படித்த நமக்கும் அக்குற்றத்தின் பெயர் தெரியவில்லை. அந்தப் பெரியவருக்கு அன்று கூற இயலாத பதிலையே இன்று எழுதுகிறோம்.

மாணாக்கர் அரசியலில் ஈடுபடலாமா என்ற விவாதம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1905-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வங்காள சர்க்காரின் காரியதரிசி கார்லைல் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். சுதேசியக் கூட்டங்களிலும் மறியலிலும் மாணாக்கரை ஈடுபடாமல் தடுக்காத பள்ளிகளுக்கு மானியமும் உபகாரச் சம்பள உரிமையும் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். விளைவு யாது? ரங்கபுரத்தில் தண்டிக்கப்பட்ட மாணாக்கருக்காக ஒரு தேசியப் பள்ளியே எழுந்தது. கல்கத்தாவில் சுற்றறிக்கை எதிர்ப்புச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டில் தேசியக் கல்விக் கழகம் தோன்றிற்று. 1907-ல் ரிஸ்லி என்ற அதிகாரி மறுபடியும் ஒரு சுற்றறிக்கை விடுத்து மாணாக்கருக்கு அரசியல் கூட்டங்களைத் தடுத்தார். அதே ஆண்டில் நமது சென்னை ராஜதானியில், ராஜமகேந்திரபுரம் கலாசாலையில், வந்தே மாதரச் சின்னம் அணிந்த குற்றத்துக்காக மாணாக்கர் வெளியேற்றப்பட்டனர். விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியபோது அவரைக் கேட்கத் திரண்டவர்களில் மாணாக்கர் ஏராளம். தடையுத்தரவுகள் மாணாக்கரை அரசியலினின்று விலக்கவில்லை. அரசியலைக் கலாசாலைக்கு வெளியே, உபாத்தியாயர் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோயின. அவ்வளவே.

வாசல் அடைபட்டால் செய்தி வேறு வழி தேடும் என்பதற்கு 1942-ம் ஆண்டே சான்று. ஆகஸ்டுப் போராட்டத்தில் தலைவர்கள் சிறைப்பட்டனர். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. அப்பொழுது பம்பாயில் மாணவியாயிருந்த உஷா மேத்தா, 22 வயதில், தம் தோழர்களுடன் சேர்ந்து இரகசியக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார். போலீசார் துரத்தத் துரத்த இடம் மாற்றி மாற்றி, நவம்பர் மாதத்தில் பிடிபடும் வரையில் அது பேசிற்று. இன்று அவரைத் தியாகி என்று போற்றுகிறோம். அன்று அவர் ராஜத் துரோகி. தடை செய்யப்பட்ட வாலிபர்கள் அக்காலத்துப் புது யந்திரத்தைக் கைக்கொண்டது போலவே இக்காலத்து வாலிபர்கள் இக்காலத்து யந்திரத்தைக் கைக்கொள்கிறார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆயினும் பேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் முதலிய சமூக ஊடகங்கள் வந்துவிட்டதனால் இனி மாணாக்கருக்குச் சங்கம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், தேர்தல் வேண்டாம் என்று சிலர் கருதுகின்றனர். நிர்வாகஸ்தர்களுக்கு இக்கருத்து வசதியாயிருக்கிறது; மாணாக்கரிலும் பலர் இதை நம்புகின்றனர். இது பெரும் பிழை என்பதே நமது அபிப்பிராயம். கைபேசி கூட்டத்தைச் சேர்க்கும். கூடியவர்களைக் கலந்து முடிவு செய்ய வைக்காது. குரலை ஊரெங்கும் கொண்டுபோகும். குரல் கொடுத்தவனைக் காப்பாற்றாது. கடந்த சில ஆண்டுகளில் நம் கண்முன் நடந்தவற்றை எண்ணிப் பார்ப்போம்.

2013-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இலங்கைத் தமிழருக்கு நியாயம் கோரி லயோலாக் கலாசாலை மாணாக்கர் எண்மர் உண்ணாவிரதம் தொடங்கினர். சில நாட்களுக்குள் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினர். அச்செய்தி பேஸ்புக் வாயிலாகப் பரவவே மதுரை, திருச்சி, கோவை, நெல்லை என்று எங்கும் மாணாக்கர் கிளம்பினர். ராஜ்ய சர்க்கார் கலை, விஞ்ஞானக் கலாசாலைகளைக் காலவரையறையின்றி மூடிற்று. என்ஜினீயரிங் கலாசாலைகளுக்கும் விடுமுறை விடப்பட்டது. கலாசாலையை மூடினால் மாணாக்கர் கலைந்துபோவர் என்பது பழைய கணக்கு. 1965-ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போதும் இதே மருந்துதான் கொடுக்கப்பட்டது. ஆனால் 2013-ல் விடுதியை விட்டு ஊருக்குப் போன மாணாக்கன் ஊரிலிருந்தே தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தான். கட்டடத்தை மூடுவதால் மாணாக்கர் இயக்கத்தை மூடிவிட முடியாது என்பதைச் சர்க்கார் அன்று கண்டது.

2015-ம் ஆண்டில் நடந்தது இன்னும் கருதத் தக்கது. அடையாறுக்கு அருகிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற சிறு மாணாக்கர் குழு இருந்தது. மத்திய சர்க்காரின் கொள்கைகளைக் கண்டித்து அக்குழு துண்டுப் பிரசுரம் வெளியிட்டது. பெயரில்லாத ஒரு மொட்டைக் கடிதம் மத்திய கல்வி இலாகாவுக்குச் சென்றது. இலாகா அதை ஐ.ஐ.டி. நிர்வாகத்துக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டது. மே மாதக் கடைசிக்குள் வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. குற்றம் சாட்டியவன் பெயர் தெரியாது; குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தங்கள் பக்கத்தைச் சொல்லப் போதிய சந்தர்ப்பம் அளிக்கப்படவில்லை என்பது மாணாக்கரின் முறையீடு. பழைய காலமாயிருந்தால் இச்செய்தி வளாகத்துப் புள்ளிமான்களுக்கும் ஆலமரங்களுக்கும் மட்டுமே தெரிந்திருக்கும். இம்முறை அது பேஸ்புக்கில் ஏறிற்று. அங்கிருந்து பத்திரிகைகளுக்கு வந்தது. டில்லி, பம்பாய், ஹைதராபாத் சர்வகலாசாலைகளில் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. ஜூன் 7-ந் தேதி அங்கீகாரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. சில பேர் மட்டுமே அறிந்திருந்த வட்டத்தின் பெயரை நாடு முழுதும் அறிந்தது.

இந்த வெற்றி கைபேசியால் கிடைத்தது என்று பலர் சொல்கின்றனர். பாதி உண்மை. மற்றப் பாதியை மறக்கலாகாது. அந்த வட்டத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அறிந்த அங்கத்தினர் இருந்தனர். நிர்வாகத்தில் முறைப்படி பதிவு பெற்றிருந்தது. பதிவு இருந்தபடியால்தான் அதை நீக்கியது செய்தியாயிற்று. நீக்கியதைத் திரும்பக் கேட்கவும் இடம் இருந்தது. பதிவே இல்லாத, சங்கமே அனுமதிக்கப்படாத ஒரு கலாசாலையில் எதை நீக்குவது, எதைத் திரும்பக் கேட்பது? தாம்பரத்தைச் சூழ்ந்துள்ள சுயநிதிக் கலாசாலைகளில் மாணாக்கர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சங்கங்கள் அரிது. நமது இரும்புலியூர்ப் பெரியவரின் மகனுக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லாமற்போனதன் காரணம் இதுவே.

இனி 2017-ம் ஆண்டு ஜனவரியை நினைவு கூருவோம். ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டம் கைபேசி சேர்த்த கூட்டம். ஒரு கட்சியும் அழைக்கவில்லை. ஒரு தலைவரும் தலைமை வகிக்கவில்லை. கடற்கரை விளக்குகள் அணைந்த இரவில் ஆயிரமாயிரம் கைபேசிகள் ஒளி காட்டியதை எவரும் மறவார். குப்பையைத் தாங்களே பொறுக்கி, போக்குவரத்தைத் தாங்களே ஒழுங்குசெய்து அவ்வாலிபர்கள் காட்டிய கட்டுப்பாடு தமிழ் நாட்டுக்குப் பெருமை. ஜனவரி 21-ந் தேதி அவசரச் சட்டம் வந்தது. இதை ஏற்பதா, நிரந்தரச் சட்டம் வரும் வரையில் இருப்பதா? இக்கேள்வி எழுந்தபோதுதான் குறை தெரிந்தது. முடிவு சொல்ல உரிமை பெற்றவர் ஒருவரும் இல்லை. ஒருவர் போகலாம் என்றார். மற்றொருவர் அவரைத் துரோகி என்றார். ஆளுக்கொரு செய்தி, செய்திக்கொரு வதந்தி. 23-ந் தேதி காலையில் போலீசார் தடியுடன் வந்தார்கள். நகரில் கலகம் மூண்டது. சட்டசபை சட்டத்தை நிறைவேற்றியதும் அதே தினந்தான். வென்ற படை வெற்றியை ஏற்றுக்கொள்ள வழியறியாமல் அடிபட்டுக் கலைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணாக்கர் பிரதிநிதிகள் ஐம்பது பேர் இருந்திருந்தால் அந்தக் காலைப் பொழுது வேறு விதமாய் விடிந்திருக்கும் என்று நாம் உறுதியாக நம்புகிறோம்.

கைபேசியின் மற்றொரு குணத்தையும் வாலிபர்கள் அறிய வேண்டும். அது தூதனும் ஆகும், ஒற்றனும் ஆகும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சேப்பாக்கத்திலும் கிண்டியிலும் மாணாக்கர் கூடினர். சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்திருந்த ஜெர்மானிய மாணாக்கர் ஒருவர், தம் நாடு 1933 முதல் 1945 வரை பட்டதை நினைவூட்டும் அட்டையொன்றை ஏந்தி நின்றார். அந்தப் படம் எங்கும் பரவிற்று. சில தினங்களுக்குள் அவர் நம் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. படம் புகழைக் கொண்டுவந்த வழியிலேயே உத்தரவும் வந்தது. 2021 பிப்ரவரியில் விவசாயிகள் கிளர்ச்சியை ஆதரித்து ஒரு குறிப்பேட்டைத் திருத்தியதற்காகப் பெங்களூரைச் சேர்ந்த 22 வயது யுவதி ராஜத் துரோக வழக்கில் கைதானார். வாட்ஸாப் குழு அமைத்ததே சதிக்கு அடையாளம் என்று வாதிக்கப்பட்டது. டில்லி நீதிபதி அதை ஏற்கவில்லை. குழு அமைப்பது தன்னளவில் குற்றமாகாது என்று கூறி ஜாமீனில் விட்டார். அதற்குள் பத்து நாட்கள் காவலில் கழிந்தன.

கைபேசியை விட்டுவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பினால் ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். 2017 ஜூலையில் சேலம் பெரியார் சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழில் படித்த மாணவி ஒருவர், ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்ததற்காகக் கைதானார். அவர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கள்ளச் சாராயக்காரருக்கும் கொள்ளைக்காரருக்கும் இயற்றிய சட்டம் ஒரு மாணவியின் காகிதக் கட்டுக்குப் பயன்பட்டது! செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட்டு அந்தக் காவல் உத்தரவை ரத்துச் செய்தது. எனவே குற்றம் யந்திரத்தில் இல்லை. மாணாக்கன் பேசினாலே குற்றம் என்ற மனப்பான்மையில்தான் இருக்கிறது.

"கலாசாலையில் அரசியல் புகுந்தால் கத்தி புகும்" என்பது நிர்வாகஸ்தர்களின் முதல் ஆட்சேபம். நாம் அவர்களைக் கேட்கிறோம்: அரசியலைத் தடுத்ததனால் கத்தி தடுக்கப்பட்டதா? 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸிலிருந்து மாணாக்கரை இறக்கிப் பட்டாக் கத்தியால் வெட்டியது எந்த அரசியல் கொள்கைக்காக? எந்த பஸ்ஸுக்கு எவன் "ரூட்டு தல" என்ற சண்டைக்காக! மாணாக்கர் சங்கத் தேர்தலில் நின்று பேசி வெல்ல வேண்டிய வாலிபன், பஸ் கூரைமேல் ஏறி அதைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் இட்டுப் புகழ் தேடுகிறான். சாதிப் பெயர் சொல்லும் குழுக்களும் கையில் கட்டும் வண்ணக் கயிறும் இதே நிலத்தில் விளைந்த களைகள். பயிர் செய்யாமல் விட்ட வயலில் களை முளைக்காமல் என்ன முளைக்கும்?

கட்சிகள் புகுந்துவிடும் என்பது இரண்டாம் ஆட்சேபம். இது அற்பமான ஆட்சேபமன்று. மாணாக்கர் ரத்தத்தில் பதவி ஏறியவர்கள் பதவி ஏறியபின் மாணாக்கரை மறந்ததை இந்நாடு கண்டிருக்கிறது. 1965-ல் மாணாக்கர் கிளர்ச்சியால் பலமடைந்த கட்சி 1967-ல் ஆட்சிக்கு வந்தது. அக்கட்சியின் ஆட்சியிலேயே 1971-ல் அண்ணாமலை சர்வகலாசாலையில் போலீஸ் தடியடி நடந்தது. மாணாக்கன் ஒருவன் உயிரிழந்தான். ஆகவே கட்சிகளின் கைக்கருவியாக மாணாக்கர் ஆகக் கூடாது என்பதில் நமக்கும் கருத்து வேற்றுமை இல்லை. இதற்கு வழியும் வகுக்கப்பட்டிருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் கமிஷனர் லிங்டோ தலைமையிலான கமிட்டியின் சிபாரிசுகளை 2006-ம் ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்று நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே வேண்டும். கட்சிப் பணம் வரக் கூடாது. வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டுடன் தேர்தல் நடத்தச் சொல்லியிருக்க, தேர்தலே நடத்தாமல் இருப்பது எந்தக் கட்டுப்பாடு? கையால் எழுதிய சுவரொட்டிக்குக் கூட இடமில்லாத சுவர்களுக்குள் கைபேசி ஒன்றே சுவரொட்டியாகி நிற்பதில் வியப்பென்ன?

சட்டத்தின் நிலை வேறு, கலாசாலை வாசலின் நிலை வேறாயிருக்கிறது. 1989 முதல் 18 வயது நிரம்பிய பிரஜைக்கு இந்நாட்டில் வாக்குரிமை உண்டு. இரண்டாம் ஆண்டு மாணாக்கன் பிரதம மந்திரியைத் தீர்மானிக்கும் தேர்தலில் வாக்களிக்கலாம். தன் விடுதிச் சாப்பாட்டைக் கவனிக்கும் கமிட்டிக்கு வாக்களிக்கக் கூடாது! 2015 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, இணையத்தில் எழுதியவர்களைச் சிறைக்கு அனுப்பி வந்த 66-ஏ பிரிவைச் செல்லாது என்று தள்ளிற்று. 2019 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட்டு, விடுதியில் கைபேசித் தடையை எதிர்த்து நின்றதால் வெளியேற்றப்பட்ட மாணவியைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டு, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, இணையத்தின் வாயிலாகக் கருத்துரைப்பதும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றதே என்றது. இருந்தும் ஒரு சேர்க்கைப் பத்திரத்தின் வாசகம் இவ்வளவு தீர்ப்புகளையும் மறைத்துவிடுகிறது. அந்த வாசகத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகப் பணம் எங்கே, காலம் எங்கே? அது தெரிந்தே வாசகங்கள் எழுதப்படுகின்றன.

அயல் நாடுகளைப் பார்ப்போருக்கும் பாடம் உண்டு. 2021 ஜனவரி 8-ந் தேதி இரவில் யாழ்ப்பாணச் சர்வகலாசாலையில் முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் இடித்துத் தள்ளப்பட்டது. இரவோடிரவாகச் செய்தி கைபேசியில் உலகத் தமிழரிடம் பரவிற்று. ஆனால் அதை மீட்டது செய்தி மட்டுமன்று. வாசலில் வந்து அமர்ந்து உண்ணாவிரதம் இருந்த மாணாக்கரே மீட்டனர். மூன்றாம் நாள் துணைவேந்தரே வந்து மறுபடி அடிக்கல் நாட்டினார். வங்காள தேசத்தில் 2024 ஜூலையில் மாணாக்கர் கிளர்ச்சியை அடக்க இணையத்தையே துண்டித்தனர். ஆகஸ்டு 5-ந் தேதி பிரதம மந்திரி ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் பறந்தார். நேபாளத்தில் 2025 செப்டம்பரில் 26 சமூக ஊடகங்களைச் சர்க்கார் தடுத்தது. 8-ந் தேதி ஒரே நாளில் 19 பேர் சுடப்பட்டும் காயமுற்றும் மடிந்தனர். மறுநாள் பிரதம மந்திரி ஒலி விலகினார். பார்லிமெண்டுக் கட்டடம் தீக்கிரையாயிற்று. வாயைக் கட்டினால் அமைதி வரும் என்று எண்ணிய ஆட்சிகளின் கதி இது. இளைஞரின் கோபத்துக்கு ஒரு மேடையும் ஒரு தலைமையும் இல்லாதபோது எவ்வளவு எரியும் என்பதையும் இதிலேயே காணலாம். அந்த வழி நமக்கு வேண்டாம் என்று விரும்புவோர் மேடையைத் திறந்து வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சேர்க்கைப் பத்திரங்களிலுள்ள அரசியல் தடை வாசகங்களைச் சர்க்காரும் சர்வகலாசாலைகளும் வரவழைத்துப் பரிசீலித்து, அரசியல் சட்டத்துக்கு விரோதமானவற்றை நீக்கச் செய்ய வேண்டும். சுயநிதிக் கலாசாலைகள் உள்பட எல்லாவற்றிலும் லிங்டோ விதிகளின்படி ஆண்டுதோறும் தேர்தல் நடைபெற வேண்டும். கூட்டம் கூட அனுமதி கேட்டால் இத்தனை நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்லியாக வேண்டும் என்ற விதி வேண்டும். மொட்டைக் கடிதத்தின்மீதும் கைபேசித் திரையைப் படமெடுத்து அனுப்பும் கோள்மீதும் எந்த மாணாக்கனும் விசாரணையின்றித் தண்டிக்கப்படலாகாது. தாம்பரம் கிறிஸ்தவக் கலாசாலையை இங்கே கொணர்ந்தவர்கள் சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்ற மூன்று விடுதிகளை அமைத்தபோது, ஆசிரியரும் மாணாக்கரும் அருகருகே வாழ்ந்து பேசிப் பழகுவதே கல்வி என்று கருதினர். அந்தக் கருத்து தெற்குப் புறநகரின் புதிய கட்டடங்களுக்கும் வந்து சேரட்டும்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. கைபேசியை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதையே நம்பியிருக்க வேண்டாம் என்கிறோம். பெயரை மறைத்து எழுதும் வசைக்கு மொட்டைக் கடிதத்துக்குள்ள மதிப்பே உண்டு; அதற்கு மேலில்லை. வந்த செய்தியை ஆராயாமல் மேலே தள்ளுகிறவன் போராளி அல்லன், வதந்திக்குத் தபால்காரன். நேரில் பத்துப் பேர் கூடிப் பேசுங்கள். பேசியதைக் குறித்து வையுங்கள். மாற்றுக் கருத்துள்ளவனை அழைத்து முதலில் அவனைப் பேச விடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் மறுத்ததை எழுத்தில் கேளுங்கள். பிறகு அதைக் கைபேசியில் ஊரறியச் செய்யுங்கள். அப்பொழுது அந்த யந்திரம் உங்களுக்கு ஏவலாளாக நிற்கும்.

இரும்புலியூர்ப் பெரியவருக்கு நமது விடை இது. ஐயா, தங்கள் மகன் குற்றம் ஏதும் செய்யவில்லை. தோழர்களைக் கூடிப் பேச அழைத்தான். அவ்வாறு அழைத்தவர்களால்தான் இந்நாட்டுக்குச் சுயராஜ்யம் வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியவர் தாங்கள் அல்லர். வரும் ஆண்டில் உங்கள் இரண்டாம் பிள்ளையைக் கலாசாலையில் சேர்க்கும்போது அந்தப் பத்திரத்தை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வாத வாசகத்தின் எதிரே ஒவ்வாது என்று எழுதுங்கள். அருகில் வரிசையில் நிற்கும் தகப்பனாருக்கும் காட்டுங்கள். நூறு தகப்பன்மார் அப்படி எழுதினால் கலாசாலைக் கதவு தானே திறக்கும்.